வேகமாக மறுக்கும் மோட்டார்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய சிறு பட்டறை ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அங்கே காற்றூதும் பெரிய விசிறி ஒன்றை மின்மோட்டார் பல ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் இன்றி ஓட்டி வருகிறது. மின்கட்டணத்தைக் குறைக்க, மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல ‘டிரைவ்’ என்னும் மின்னணுக் கருவியை அதில் புதிதாகப் பொருத்துகிறார்கள். விசிறி இப்போது முன்னைவிட மெதுவாகத்தான் சுற்றுகிறது. ஆனால் சில வாரங்களுக்குள் அடித்தள போல்ட்டுகள் தளர்கின்றன. தாங்கு சட்டத்தின் வெல்டிங்கில் கீறல் விழுகிறது. வேகம் குறைந்தால் அதிர்வும் குறைய வேண்டும் அல்லவா? ஏன் இப்படி?

முதலில் அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எந்தச் சுழலும் பகுதியிலும் எடை முற்றிலும் சீராகப் பரவியிருப்பதில்லை. அச்சிலிருந்து 10 செ.மீ. தொலைவில் வெறும் 10 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று கொள்வோம். மோட்டார் நிமிடத்திற்கு 1440 சுற்று சுற்றும்போது அது அச்சை வெளிப்புறமாக இழுக்கும் விசை ஏறத்தாழ 23 நியூட்டன், அதாவது 2.3 கிலோ எடைக்குச் சமம். இந்த இழுப்பு வினாடிக்கு 24 முறை திசை சுற்றி வருகிறது. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோர டயர் கடைகளில் சக்கரத்தின் விளிம்பில் சிறு எடைத்துண்டுகளைப் பொருத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் எதிர்த்துப் போராடுவது இந்தச் சில கிராம்களைத்தான்.

ஊஞ்சலைப் போலவே, இயந்திரமும் அது நிற்கும் மேடையும் சேர்ந்த அமைப்புக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. இயந்திரத்தின் எடையால் அதன் தாங்கிகள் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகின்றன என்று அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் போதும். 1 செ.மீ. அமுங்கினால் வினாடிக்கு 5 அதிர்வு. 1 மி.மீ. அமுங்கினால் ஏறத்தாழ 16 அதிர்வு. வினாடிக்கு 16 என்பது நிமிடத்திற்குச் சுமார் 950.

நம் விசிறியின் மேடை 1 மி.மீ. அமுங்குவது என்று வைத்துக் கொண்டால் மர்மம் விலகிவிடுகிறது. முன்பு பொத்தானை அழுத்தியதும் மோட்டார் சில வினாடிகளில் 950-ஐத் தாண்டி 1440-க்குப் போய்விடும். அதிர்வு வளர நேரமே இல்லை. இப்போதோ 950-க்கு அருகிலேயே நாள் முழுவதும் ஓடுகிறது. சுழற்சியின் அதிர்வெண்ணும் அமைப்பின் இயல்பு அதிர்வெண்ணும் பொருந்தி, ஒத்ததிர்வு ஏற்பட்டுவிட்டது.

இதுவரை நீங்கள் பாடநூலில் படித்ததுதான். இனி வருவது சற்று விந்தையானது.

ஜெர்மன் இயற்பியலறிஞர் அர்னால்டு சொமர்ஃபெல்டின் பெயரை அணுவியலில் பின்னால் படிப்பீர்கள். 1928-ல் கல்கத்தாவுக்கு வந்து நம் சி.வி. இராமனைச் சந்தித்தவரும் அவரே. ஆனால் 1902-ல் அவர் ஆஃகன் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் மாணவர்களுக்கு இயந்திரவியல் கற்பித்துக் கொண்டிருந்தார். ஒருபுறம் எடை மிகுந்த சுழலியுடைய சிறு மோட்டாரை ஒரு மேசைமேல் பொருத்தி, மின்திறனைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தார். வேகம் ஏறியது. மேசையின் இயல்பு அதிர்வெண்ணை நெருங்கியதும் வேகம் ஏறுவது ஏறக்குறைய நின்றுவிட்டது! மேலும் மேலும் திறன் கொடுத்தார். மேசைதான் அதிகமாக ஆடியது. ஓர் எல்லையைக் கடந்ததும் மோட்டார் திடீரென்று உயர்வேகத்திற்குத் தாவியது, மேசை அமைதியாயிற்று.

கொடுத்த திறன் எங்கே போயிற்று? மேசையை ஆட்டுவதில் செலவாயிற்று. மோட்டார் மேசையை ஆட்டுகிறது என்று மட்டும் நாம் எண்ணுகிறோம். மேசையும் மோட்டாரைப் பிடித்து இழுக்கிறது. மோசமான அடித்தளத்தில் 30 குதிரைத்திறன் இயந்திரத்தை நிறுத்திய ஆலை முதலாளி, 10 குதிரைத்திறனுக்கு மட்டுமே வேலையைப் பெற்று, மீதி 20-ஐக் கட்டடத்தை ஆட்டுவதற்குக் கொடுக்கிறார் என்று சொமர்ஃபெல்டு விளக்கினார். மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்த நம் பட்டறைக்காரரை எண்ணிப் பாருங்கள்!

இன்னொரு சிக்கலும் உண்டு. ஹூக் விதிப்படி இருமடங்கு விசைக்கு இருமடங்கு நீட்சி என்பது நல்ல சுருள்வில்லுக்கும் சிறு ஆட்டத்திற்கும் பொருந்தும். ரப்பர் திண்டு அப்படியல்ல. அமுங்க அமுங்க அது விறைப்பாகிறது. இதை நேரியலற்ற அமைப்பு என்பர். ஆட்டம் பெருகினால் அதன் இயல்பு அதிர்வெண்ணும் உயர்ந்துவிடும். அதாவது ஒத்ததிர்வு வேகம் மோட்டாருக்கு முன்னால் நகர்ந்து போய்க்கொண்டே இருக்கும். வேகத்தைக் கூட்டும்போது அதிர்வு நெடுந்தூரம் வளர்ந்து, சட்டென்று விழும். குறைத்துக் கொண்டு வரும்போதோ, விழுந்த இடத்தில் அது மீண்டும் எழுவதில்லை. அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் எழும்பும். ஒரே வேகத்தில் இயந்திரம் பேசாமலும் இருக்கலாம், பேயாட்டமும் ஆடலாம். எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. ஜார்ஜ் டஃபிங் என்னும் ஜெர்மன் பொறியியலாளர் 1918-ல் வெளியிட்ட நூலில் இத்தகைய அதிர்வுகளை விரிவாக ஆராய்ந்தார். ‘காலையில் நன்றாக ஓடியது சார், மாலையில் ஆடுகிறது’ என்று தொழிலாளி சொன்னால், அவர் சொல்வதை நம்பத்தான் வேண்டும்.

உங்கள் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் இருந்தால், பிழியும் சுற்று முடிந்து வேகம் இறங்கும்போது கவனியுங்கள். முழு வேகத்தில் ஓரளவு அமைதியாக இருந்தது, நிற்பதற்குச் சற்று முன் குலுங்கிவிட்டு ஓயும். ஓசூரில் 1980-ல் மொபெட் உற்பத்தி தொடங்கியது. மொபெட்டில் போகும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் பக்கக் கண்ணாடியில் உருவம் கலங்கித் தெரிவதுண்டு. அதுவும் இதே கதைதான்.

பட்டறைக்கு என்ன வழி? விசிறியின் எடையைச் சமன் செய்யலாம். தளர்ந்த போல்ட்டுகளை முறுக்கி, மேடையைக் கனமான கான்கிரீட்டால் விறைப்பாக்கலாம். செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. 50 ஹெர்ட்ஸில் 1440 சுற்று ஓடும் மோட்டார், 950 சுற்றுக்கு ஏறத்தாழ 33 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைப் பெறுகிறது. பெரும்பாலான டிரைவ்களில் ‘ஸ்கிப் ஃப்ரீக்வன்சி’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் 31 முதல் 35 வரை என்று குறித்துவிட்டால், டிரைவ் அந்த இடைவெளியில் தங்காமல் விரைந்து கடந்துவிடும். மேடையின் விறைப்பு மாறினால் அந்த எண்களையும் மறுபடி பார்த்து மாற்ற வேண்டும்.