என்ஜின் வேலை முடிந்தது, வண்டி கிளம்பவில்லை

நேற்று வரை ஓடிய வண்டி இன்று காலை கிளம்பவில்லை என்றால், எது தேய்ந்தது, எது எரிந்தது, எது அடைத்தது என்று தேடுவோம். பிரித்து, போரிங் செய்து, புது பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் போட்டுப் பூட்டிய என்ஜின் கிளம்பாவிட்டால் தேட வேண்டிய இடம் வேறு. பாகங்கள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். பூட்டிய கை எங்கோ ஒரு பல் தள்ளிப் பூட்டியிருக்கும், அல்லது ஒரு வாஷரை மறந்திருக்கும்.

ஆனால் பலரும் முதலில் செய்வது சாவியைத் திருப்பி செல்ஃபைச் சுற்றவிட்டுக்கொண்டே இருப்பது. பேட்டரி இறங்கியதும் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுவது. புது என்ஜினுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. பூட்டும்போது காம்ஷாஃப்ட் மேடுகளில் தடவிய எண்ணெயும் கிரீஸும்தான் முதல் சில நிமிடங்களுக்குக் காப்பு. செல்ஃபின் மெதுவான சுற்றில் ஆயில் பம்பு தரும் அழுத்தம் குறைவு. சுற்றச் சுற்றத் தடவியதும் வழிந்து போகிறது. கூடவே, எரியாமல் உள்ளே போகும் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிட, புது ரிங்குகள் வறண்ட சுவரில் உரசுகின்றன. ஆகவே செல்ஃபைத் தொடாமல் பார்க்கக்கூடியதை எல்லாம் முதலில் பார்த்துவிட வேண்டும். சாவி கடைசியில்தான்.

விளக்கத்துக்கு அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 2014 வரை தயாரான வண்டி. பழைய அம்பாசிடர்களில் இருக்கும் 1489 சிசி பெட்ரோல் என்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. வடிவமைத்த பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம், கையால் சுற்றலாம். பழைய வண்டி ஆர்வலர்கள் இன்னும் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கும் என்ஜின் இது; படிப்பதற்கும் இதைவிட நல்லது கிடைக்காது.

நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, நியூட்ரலில் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிப் பாருங்கள். புது ரிங் என்பதால் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். இறுக்கம் சுற்று முழுவதும் ஒரே சீராக இருந்தால் கவலையில்லை. ஓர் இடத்தில் மட்டும் பிடித்தால் பேரிங் கேப் இடம் மாறியோ திரும்பியோ பூட்டப்பட்டிருக்கலாம். அதைச் செல்ஃபாலோ தள்ளியோ ஜெயிக்க நினைக்கக் கூடாது. சம்பைக் கழற்றியே ஆக வேண்டும். பிளக் இல்லாமல் சுற்றுகிறது, பிளக் போட்டதும் கல் மாதிரி நின்றுவிடுகிறது என்றால், ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீரோ, நிரம்பி வழிந்த கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலோ சிலிண்டரில் தேங்கியிருக்கிறது. தண்ணீர் அமுங்காது. வற்புறுத்தினால் கனெக்டிங் ராடு வளையும்.

அடுத்தது டைமிங். புதிதாகப் பூட்டிய என்ஜின் கிளம்பாததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். காரணம் எளிது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு சிலிண்டருக்கு ஒரு முறை வெடிப்பு. அந்த இரண்டு சுற்றில் முதல் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வருகிறது: கலவையை அமுக்கிக்கொண்டு ஒரு தடவை, புகையை வெளியேற்றிக்கொண்டு ஒரு தடவை. கிராங்க் புல்லியில் உள்ள குறி இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். குறியை மட்டும் நம்பி டிஸ்ட்ரிபியூட்டரை வைத்தவருக்குச் சரியாக அமைய வாய்ப்பு பாதிக்குப் பாதி.

இந்த என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இருக்கும் நாக்கு நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கி அமைந்திருப்பதால், அது ஒரே விதமாகத்தான் உட்காரும். அதைப் பார்த்து, தப்பாகப் பூட்டவே முடியாது என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே அதைச் சுற்றும் கியரோ எந்தப் பல்லிலும் உட்காரும். என்ஜின் வேலையில் அதைக் கழற்றியிருப்பார்கள்.

தப்பைக் கண்டுபிடிக்க ராக்கர் கவரைக் கழற்றினால் போதும். புல்லிக் குறியைப் பொருத்திவிட்டு நான்காவது சிலிண்டரின் இரண்டு ராக்கர்களைப் பாருங்கள். ஹேண்டிலை இப்படியும் அப்படியும் லேசாக அசைக்கும்போது ஒன்று மேலும் ஒன்று கீழுமாக ஆடினால், நான்காவது புகையைத் தள்ளி முடிக்கிறது. அப்படியானால் முதல் சிலிண்டர் வெடிக்கும் நிலையில் இருக்கிறது. இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், ரோட்டார் முதல் பிளக்கின் வயரைக் காட்ட வேண்டும். நேர் எதிரே காட்டினால் அதுதான் நோய். சோதனைக்காக வயர்களை மாற்றிப் பார்க்கலாம்: ஒன்றையும் நான்கையும் இடம் மாற்றுங்கள், இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றுங்கள். வெடிக்கும் வரிசை 1-3-4-2. ரோட்டார் மேலிருந்து பார்க்கக் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும். மற்ற வண்டிப் பழக்கத்தில் வலஞ்சுழியாக வயர் மாட்டிவிட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்களும் உண்டு.

டைமிங் தப்பினால் என்ஜின் சத்தமாகவே சொல்லும். கார்புரேட்டர் வழியாக ‘டப்’ என்று வெடித்தால், இன்லெட் வால்வு திறந்திருக்கும்போது பொறி விழுகிறது என்று அர்த்தம். சைலன்சரில் வெடித்தால், எரியாத பெட்ரோல் அங்கே போய்ச் சேர்ந்து எரிகிறது. பொறி தாமதம், அல்லது சில பிளக்குகளுக்கு வரவேயில்லை. வயரெல்லாம் சரி, டிஸ்ட்ரிபியூட்டரும் சரி, ஆனாலும் கார்புரேட்டரில் வெடிக்கிறது என்றால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு டைமிங் செயின் கவரைத் திறக்க வேண்டியதுதான். இரண்டு செயின் வீல்களிலும் உள்ள குறிகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளியிருந்தாலே வண்டி முரண்டு பிடிக்கும்.

டேப்பட் இடைவெளியைப் புது என்ஜினில் இறுக்கமாக வைத்துவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் நிற்காது. இதற்கு ஒன்பது கணக்கு உதவும். எட்டு வால்வுகளுக்கும் முன்னிருந்து எண் போட்டுக்கொள்ளுங்கள். எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யலாம், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. இரண்டு எண்களும் கூடினால் ஒன்பது வர வேண்டும். கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது அளவு குறைந்தால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் இன்னும் படியவில்லை, அல்லது பெட்ரோல் சுவரைக் கழுவிவிட்டது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் சின்னச் சின்ன மறதிகள்தான் அதிகம். ரோட்டாரைப் போடாமலே மூடியை மூடியிருப்பார்கள். பாயிண்டின் முனையில் இருக்கும் ஃபைபர் வாஷரை விட்டிருப்பார்கள். பாயிண்ட் எப்போதும் எர்த் ஆகிக் கிடக்கும், பொறி பிறக்காது. புது பாயிண்டின் முகத்தில் துரு பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயைத் துடைக்காமல் மாட்டியிருப்பார்கள்.

எர்த் பட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். என்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். என்ஜினுக்கும் பாடிக்கும் மின்தொடர்பு, பின்னல் கம்பியாலான அந்த ஒரு பட்டைதான். அதை மாட்ட மறந்தாலோ, புதிதாக பெயிண்ட் அடித்த இடத்தின் மேல் பூட்டினாலோ, செல்ஃப் இழுக்கும் கரண்ட் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று கிடைத்த வழியில் பாயும். செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது, சோக் கேபிள் சுடுகிறது என்றால் வேறெதையும் தேட வேண்டாம். பட்டை சரியாக இருந்தும் சோம்பினால் பேட்டரியைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 12 வோல்ட் பேட்டரி ஒன்பதரைக்குக் கீழே இறங்கினால் காயிலுக்கு மிச்சமாவது போதாது.

பெட்ரோல் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மாதக்கணக்கில் வண்டி பட்டறையில் நின்றிருந்தால் டாங்கில் இருப்பதைக் காலி செய்துவிடுங்கள். இப்போது பங்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களையும் அரிக்கும். வேலை நடக்கும்போது நட்டு விழாமலிருக்க இன்லெட் துளையில் அடைத்த துணியை எடுத்தார்களா என்றும் கேளுங்கள். கேட்கச் சங்கடமான கேள்விதான்.

பெல்ட் போட்ட, கம்ப்யூட்டர் உள்ள வண்டிகளிலும் முறை இதுவே. ஆனால் பெல்ட் டைமிங் தப்பினால் பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதும் என்பதால் ‘ஒரு தடவை சுற்றித்தான் பார்ப்போமே’ என்பதற்கு இடமே இல்லை. பொறியைப் பார்க்க வயரைக் கையில் பிடித்து உரசும் பட்டறைப் பழக்கமும் அங்கே எலக்ட்ரானிக்ஸைப் பொசுக்கிவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகு, பிளக்குகள் வெளியே இருக்கும்போதே, காயில் வயரைக் கழற்றிவிட்டு, பத்துப் பத்து விநாடியாக ஆயில் லைட் அணையும்வரை செல்ஃபைச் சுற்றவிடுங்கள். பிறகு பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்பலாம். கிளம்பியதும் ஐடிலில் விடக் கூடாது. புது காம்ஷாஃப்டும் புது டேப்பட்டும் ஒன்றோடொன்று படிய வேண்டும். சுமார் 2000 ஆர்.பி.எம்.மில் 20 நிமிடம் ஓடட்டும். ஒருவர் ஆயில் மீட்டரிலும் இன்னொருவர் ரேடியேட்டரிலும் கண் வைத்திருக்க வேண்டும். ஆறிய பிறகு, நீங்கள் போட்ட கேஸ்கட் கேட்கும் ரகமானால் ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் வைத்து, டேப்பட்டையும் இன்னொரு முறை பாருங்கள். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிடுங்கள்.