இணையதளத்தில் என்ன எழுத வேண்டும்?

இணையதளத்தில் "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று மட்டும் எழுதி வைத்தால் வியாபாரம் வராது. வாடிக்கையாளர் கூகுளில் தேடுவது "குண்டூர் மிளகாய் மொத்த விலை", "ஈரோடு மஞ்சள்" என்றுதான்.

எனவே, அவர் கடையில் கேட்கும் சொற்களிலேயே எழுதுங்கள். சரக்கின் பெயர், ரகம், மூட்டை எடை, ஊர், கடை நேரம் அனைத்தும் எழுத்தில் இருக்கட்டும். விலைப் பட்டியலைப் படமாக மட்டும் போடாதீர்கள். பக்கத் தலைப்பில் சரக்கும் ஊரும் வரவேண்டும்.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்கினால் கூகுள் பின்னுக்குத் தள்ளக்கூடும். பக்கத்தில் மறைவாக எழுதும் குறிச்சொற்களைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டது. அதற்கெனப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

விலை மாறினால் அன்றே திருத்துங்கள். தளத்தில் ஒரு விலை, கடையில் ஒரு விலை என்றால் வந்தவர் மறுபடி வரமாட்டார்.