ரெண்டு அம்மா இருக்கலாமோ? ஒருபாலினத் திருமணமும் இந்த நாட்டுச் சட்டமும்



சென்ற மாதம் எங்கள் ஆலோசனை நேரத்துக்கு ஒரு தாயார் வந்திருந்தார். வந்த கடிதங்களை எல்லாம் காட்டி முடித்து, எழும்பிப் போகிற நேரத்தில் மெதுவாகக் கேட்டார்: "மகளின்ர வகுப்பில ஒரு பிள்ளைக்கு ரெண்டு அம்மாவாம். இது சட்டப்படி சரியோ? நான் பிள்ளைக்கு என்ன சொல்லுறது?"

இந்தக் கேள்வி இங்கே புதிதாக வந்த பலருக்கும் இருக்கிறது. கேட்கத்தான் வெட்கம். ஆகவே இந்த முறை அதையே எழுதுகிறேன்.

சுருக்கமான பதில்: ஓம், சட்டப்படி சரி. பிரித்தானியாவில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் பதிவுத் திருமணம் செய்யலாம். ஆனால் இது ஒரே நாளில் வந்த சட்டம் அல்ல.

சட்டம் வந்த வழி

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967 வரை ஆண்களுக்கிடையிலான உறவு குற்றம். அதற்காகச் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் 1980இல் இயற்றிய சட்டத்தாலும் வட அயர்லாந்தில் 1982இலும்தான் அது மாறியது. அதாவது எங்களில் பலர் பிறந்த காலத்தில் இந்த நாடும் இப்போது இருப்பது போல் இருக்கவில்லை.

2005 டிசம்பரில் 'சிவில் பார்ட்னர்ஷிப்' நடைமுறைக்கு வந்தது. சொத்து, பென்ஷன், வாரிசுரிமை போன்றவற்றில் ஏறக்குறைய கணவன் மனைவிக்கு உள்ள உரிமைகள் எல்லாம் அதில் கிடைத்தன. ஆனால் 'திருமணம்' என்ற பெயர் மட்டும் இல்லை.

விவாதம் எதைப் பற்றியது?

உரிமை கிடைத்துவிட்டதே, பிறகு ஏன் திருமணம் என்று கேட்டவர்கள் ஒரு பக்கம். இங்கிலாந்துத் திருச்சபையும் கத்தோலிக்கத் திருச்சபையும், திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் உள்ளது, அதன் பொருளை அரசாங்கம் மாற்றக்கூடாது என்றன. நாளைக்கு மதகுருமாரையும் கட்டாயப்படுத்துவார்கள் என்ற பயமும் இருந்தது.

மற்றப் பக்கம், ஒரே கடமையும் ஒரே வரியும் உள்ள குடிமக்களுக்கு ஏன் வேறு பெயரில் வேறு கதவு என்று கேட்டது. குவேக்கர்கள் போன்ற சில சமயக் குழுக்கள், தங்கள் வழிபாட்டு இடங்களில் இப்படியான திருமணங்களை நடத்த அனுமதி வேண்டும் என்று தாங்களாகவே கேட்டன.

2013 பெப்ரவரி 5ஆம் திகதி நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. கட்சிக் கட்டளை இல்லை. ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம். ஆதரவாக 400, எதிராக 175. சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் டேவிட் கமரூனின் சொந்தக் கட்சியில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்களே கூட. அப்படியும் சட்டம் நிறைவேறியது. முதல் திருமணங்கள் 2014 மார்ச் 29இல் நடந்தன. ஸ்கொட்லாந்தில் அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. வட அயர்லாந்தில் 2020 ஜனவரியில்தான் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சமயத்தைக் கட்டாயப்படுத்துகிறார்களோ?

இல்லை. எந்த மதகுருவும் விருப்பமில்லாமல் இப்படியான திருமணத்தை நடத்தத் தேவையில்லை. மறுத்தால் அவர் மீது வழக்குப் போடவும் முடியாது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு அதன் சொந்தச் சமயச் சட்டம் மாறாதவரை இதை நடத்த அனுமதியே இல்லை என்றும் எழுதி வைத்தார்கள்.

உங்களுக்கும் அதேதான். உங்கள் சமய நம்பிக்கையை நீங்கள் வைத்திருக்கலாம். இதை ஏற்கவில்லை என்று சொல்வது குற்றம் அல்ல. ஆனால் பக்கத்து அறைக்காரரை இதற்காகப் பயமுறுத்துவது, அடிப்பது, துன்புறுத்துவது குற்றம். நாளைக்கு உங்களுக்கு விசா கிடைத்து ஒரு கடை நடத்தினால், இப்படியானவர் என்பதற்காக ஒருவருக்குச் சாமான் விற்க மறுக்க முடியாது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அதைத் தடுக்கிறது. நிறத்துக்காக உங்களை ஒருவர் கடையை விட்டுத் துரத்த முடியாது என்று சொல்வதும் அதே சட்டம்தான். அதை மறந்துவிடாதீர்கள்.

அந்தத் தாயாருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் பிள்ளைக்கு வீட்டில ரெண்டு அம்மா, உனக்கு ஒரு அம்மா ஒரு அப்பா. ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடுங்கோ என்று சொல்லுங்கோ." நானும் வகுப்பில் நின்று படிப்பித்த ஆள். பிள்ளைகளுக்கு அதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

இனி, இதை வேறு காரணத்துக்காக வாசிப்பவர்களுக்கு

இந்தப் பக்கத்தை யாரும் பார்க்காத நேரத்தில் வாசிக்கிற ஒருவர் இருப்பார் என்று எனக்குத் தெரியும். அவருக்குத்தான் இந்தப் பகுதி.

இலங்கையில் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒருபாலின உறவைக் குற்றமாக்குகின்றன. 1883இல் பிரித்தானியர் ஆட்சியில் வந்த சட்டம் அது. 1995இல் செய்த திருத்தத்தால் பெண்களும் அதற்குள் வந்தார்கள். அதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2024இல் நாடாளுமன்றம் கலைக்கப்படும் வரை அது நிறைவேறவில்லை. இந்தியாவில் 2018இல் உச்ச நீதிமன்றம் அதைக் குற்றமில்லை என்றது. 2023இல் திருமண உரிமையை வழங்க மறுத்தது.

இந்த நாட்டில் அகதிக் கோரிக்கைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முன்பு, "ஊருக்குப் போய் மறைத்துக்கொண்டு வாழலாமே" என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். 2010 ஜூலையில் ஈரானையும் கமரூனையும் சேர்ந்த இருவரின் வழக்கில் இங்குள்ள உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. துன்புறுத்தலுக்குப் பயந்துதான் ஒருவர் மறைத்து வாழ வேண்டியிருக்கும் என்றால், அவருக்குப் பாதுகாப்பு உண்டு.

ஆகவே தயவுசெய்து இவற்றைக் கவனியுங்கோ:

உங்கள் சொலிசிட்டரிடம் உண்மையைச் சொல்லுங்கோ. அவர் அதை உங்கள் அனுமதியில்லாமல் வெளியில் சொல்லக்கூடாது.

மொழிபெயர்ப்பாளர் எங்கட ஆள் என்று பயந்து வேறு கதை சொல்லாதீர்கள். அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆண் அல்லது பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இன்டர்வியூவுக்கு முன்பே கேட்கலாம். உங்களுக்குத் தெரிந்தவர் வந்துவிட்டால் உடனே சொல்லி மாற்றக் கேளுங்கோ.

முதல் இன்டர்வியூவில் சொல்லவில்லையா? சொலிசிட்டரிடம் இப்போதே சொல்லுங்கோ. பிந்திச் சொன்னால் "ஏன் முதலில் சொல்லவில்லை?" என்று கேட்பார்கள். வெட்கமோ பயமோ, எது உண்மையான காரணமோ அதைச் சொல்லுங்கோ.

படுக்கையறை விபரங்களை அதிகாரி கேட்கக்கூடாது. அந்தரங்கப் படம், வீடியோ கொடுக்கவும் வேண்டாம். ஹோம் ஒபிஸ் அவற்றை ஏற்பதில்லை. மனதில் பட்ட பாட்டை, வாழ்ந்த விதத்தை, பயத்தைச் சொன்னால் போதும்.

நிரூபிப்பதற்காகத் திருமணம் செய்யத் தேவையில்லை. திருமணம் செய்தால் மட்டும் விசா கிடைக்காது. யாராவது காசு வாங்கிக்கொண்டு அப்படி ஒழுங்கு செய்கிறேன் என்றால் நம்பாதீர்கள். உண்மையாகவே திருமணம் செய்ய விரும்பினால், ஆண் பெண் சோடியைப் போலவே பதிவு அலுவலகத்தில் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அது 28 நாள். ஹோம் ஒபிஸ் விசாரிக்க விரும்பினால் 70 நாள் வரை போகலாம்.

தங்குமிடத்தில் யாராவது உங்களைத் துன்புறுத்தினால் அந்த இடத்தை நடத்துபவர்களிடம் சொல்லுங்கோ. உடனடி ஆபத்து என்றால் 999.

எங்கள் ஆலோசனை நேரத்தில் தனியறை உண்டு. என்ன விசயம் என்று வரவேற்பில் சொல்லத் தேவையில்லை. "தனியாகக் கதைக்க வேணும்" என்று மட்டும் சொல்லுங்கோ, போதும்.