லெபனானியர் பந்தி

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையை ஒட்டிக் கிடக்கும் லெபனான் 10,452 சதுர கிலோமீற்றர் பரப்புடைய நாடு. இலங்கையின் கிழக்கு மாகாணத்தினும் சற்றே பெரிது, அவ்வளவே. கடலோரத்திலே தலைநகர் பெய்ரூத். அதன் பின்னே பனி மூடும் மலைத்தொடர். மலைக்கு அப்பால் பெக்கா என்னும் வளமான பள்ளத்தாக்கு. பெய்ரூத்திலிருந்து மலையேறி இறங்கிச் சுமார் 50 கிலோமீற்றர் சென்றால், பள்ளத்தாக்கின் விளிம்பிலே ஸஹ்லே என்னும் ஊர் வரும். பர்தூனி என்ற சிற்றாறு அவ்வூரின் ஊடே ஓடுகின்றது. ஆற்றின் கரையிலே மரநிழலும், நிழலிலே மேசைகளும், மேசைகளைச் சூழ உண்போருமாக அவ்விடம் நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. 2013ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உணவுக்கலையாற் சிறந்த நகரங்களின் வரிசையில் ஸஹ்லேயையும் சேர்த்துக்கொண்டது.

ஆற்றங்கரையில் நூற்றுக்கணக்கானோரை ஒருங்கே அமர்த்தும் பெரிய உணவகங்களும் உள. இங்கே கருதப்படுவது அவையன்று. ஐந்தாறு மேசைகளுக்கு மேற்படாத ஓர் அறையில், கணவனும் மனைவியும் மக்களுமாக ஒரு குடும்பத்தார் நடத்தும் சிற்றுணவகமே நம் பேச்சுக்குரியது. ஸஹ்லேயில் மட்டுமன்றிப் பெய்ரூத்தின் சந்துகளிலும், லெபனானியர் குடியேறிய பிரேசில், அவுஸ்திரேலியா முதலிய நாடுகளின் நகரங்களிலும் இத்தகைய உணவகங்களைக் காணலாம். எங்கும் அவற்றின் நடைமுறை ஏறக்குறைய ஒன்றே. வாயிலில் நிற்பவர் தந்தை. தட்டுக்களைக் கொண்டு வருபவர் மக்கள். அடுக்களையில் இருப்பவர் தாய். சில வேளைகளில் தாயின் தாய். உணவகத்தின் பெயர்ப்பலகையில் எவர் பெயர் இருப்பினும், அதன் நற்பெயர் தங்கியிருப்பது அடுக்களையில் நிற்பவர் கையிலேதான்.

வாயிலில் நிற்பவர் வருவோரை நோக்கி, ‘அஹ்லன் வ ஸஹ்லன்’ என்பார். ‘வருக’ என்று இதனைப் பெயர்த்துவிடலாம். ஆயின் சொற்பொருள் அதனினும் விரிந்தது. ‘உன் உறவினரிடம் வந்தாய்; கரடுமுரடற்ற சமநிலத்தில் அடிவைத்தாய்’ என்பது அதன் கருத்து. கல்லும் மணலும் மலிந்த வழியிற் பயணஞ்செய்து களைத்தவனுக்குக் கூறத்தக்க சொல் அது. தமிழில் ‘விருந்து’ என்னும் சொல் முதலிற் புதுமையைக் குறித்து, பின்பு புதிதாய் வந்தவனைக் குறித்து, அதன் பின்னரே அவனுக்கு இடும் உணவைக் குறித்தது. தமிழர் வந்தவனின் புதுமையை எண்ணிப் பெயரிட்டனர். அரபு மொழியினரோ புதியவனை உறவினன் என்றே விளித்துவிட்டனர். பொருள் கொடுத்து உண்ண வருபவனையும் இதே சொல்லால் வரவேற்பதுதான் இவ்வுணவகங்களிற் கவனிக்கத்தக்கது. விலைக்கு விற்கும் சோறு விருந்தாகுமா என்று நம்முடைய முதியோர் கேட்பர். லெபனானியர் அவ்வினாவைத் தட்டுக்களால் எதிர்கொள்கின்றனர்.

அமர்ந்தவுடன் முதலில் வருவது ரொட்டி. வட்டமாய், மெல்லியதாய், இரு படையாகப் பிரியக்கூடிய இந்த ரொட்டியே அங்கே கரண்டியும் ஆகும். ஒரு துண்டைக் கிள்ளி, விரல்களுக்கிடையே குழித்து, அதனால் அள்ளி உண்பர். கையால் உண்டு பழகிய தமிழருக்கு இது வழங்காத முறையன்று. ரொட்டித் துண்டு தவறி நிலத்தில் விழுந்தால் அதனை எடுத்து, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றிக்கொள்ளும் முதியோர் அந்நாட்டில் உளர். ரொட்டியின் மதிப்பு அத்தகையது.

அடுத்து வருவன சிறு தட்டுக்கள். இவற்றின் தொகுதிக்கு ‘மஸ்ஸா’ என்று பெயர். சுவை என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து இது பிறந்தது என்பர். நான்கு தட்டிலும் இது தொடங்கும், நாற்பது தட்டுக்கும் நீளும். தனக்கென ஒரு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு உண்பது அங்கே வழக்கமில்லை. எல்லாம் நடுவில் வைக்கப்படும். எல்லோரும் எல்லாவற்றிலும் கை நீட்டுவர். ஆகவே தனியே செல்பவனுக்கு இவ்வுணவகம் ஏற்றதன்று. நால்வராய்ச் சென்று ஆறுதலாக இரண்டு மணி நேரம் இருப்பதே முறை. புதிதாகச் செல்வோர் பசி மிகுதியால் முதலில் வந்த தட்டுக்களிலேயே வயிற்றை நிரப்பிவிட்டுப் பின் வருவனவற்றைப் பார்த்துப் பெருமூச்செறிவது வழக்கம்.

அத்தட்டுக்களில் நமக்கு அந்நியமானவை சிலவே. ஹும்முஸ் என்பது நம்மவர் தாளித்துத் தின்னும் கடலையே. அதனை இரவெல்லாம் ஊறவைத்து, குழைய அவித்து, எள்ளை அரைத்த விழுதும் தேசிக்காய்ப் புளியும் உள்ளியும் கூட்டி மசித்து, மேலே ஒலிவ எண்ணெய் வார்ப்பர். முதப்பல் என்பது தணலிற் சுட்டுத் தோலுரித்து மசித்த கத்தரிக்காய். யாழ்ப்பாணத்துச் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலை அறிந்தவர், தேங்காய்ப்பாலின் இடத்தில் எள் விழுதை வைத்து எண்ணிக்கொண்டால் போதும். தயிரின் நீரை வடித்துக் கட்டியாக்கிய லப்னே ஒரு தட்டு. ஒலிவக்காய் ஒரு தட்டு. பீற்றூட் கிழங்கோடு ஊறி இளஞ்சிவப்பு நிறம் பெற்ற ஊறுகாய் ஒரு தட்டு.

தப்பூலே என்னும் பச்சைக்கலவை தனியே சொல்லத்தக்கது. கொத்தமல்லி போன்ற தோற்றமுடைய பார்ஸ்லித் தழையைக் கூரிய கத்தியாற் பொடிப்பொடியாக அரிந்து, புதினாவும் தக்காளியும் வெங்காயமும் சேர்த்து, புளியும் எண்ணெயும் விட்டுக் கலப்பர். கத்தி மழுங்கியிருந்தால் தழை நசுங்கிக் கறுத்துவிடும். இதில் புர்குல் என்னும் கோதுமைக் குறுணல் ஒரு சிறிதே தூவப்படும். பிறநாட்டு உணவகங்களிற் பலர் குறுணலை மிகுத்துத் தழையைக் குறைத்துவிடுகின்றனர். லெபனானிய மூதாட்டி அதனைக் கண்டால், சுவைத்துப் பாராமலே தட்டைத் தள்ளிவிடுவாள். புர்குல் என்பது கோதுமையை அவித்து, வெயிலில் உலர்த்தி, உடைத்தது. நெல்லை அவித்து உலர்த்திக் குற்றினால் புழுங்கலரிசி; அதே வேலையைக் கோதுமையிற் செய்தால் புர்குல். நெடுநாள் கெடாமல் வைத்திருக்கும் பொருட்டு இரு நாட்டு உழவரும் தத்தம் வழியிற் கண்ட உபாயம் ஒன்றாகவே அமைந்துவிட்டது.

இந்தக் குறுணலும் ஆட்டிறைச்சியும் கூடிப் பிறப்பது கிப்பே. லெபனானியரின் தேசிய உணவு யாதென வினவினால் பெரும்பாலார் இதனையே சொல்வர். முன்னாளில் வீடுதோறும் கல்லுரல் ஒன்று இருக்கும். கொழுப்பு நீக்கிய இறைச்சியை அதிலிட்டு மர உலக்கையால் இடித்து, ஊறிய குறுணலைச் சேர்த்து மீண்டும் இடிப்பர். ஞாயிறு முற்பகலில் மலைக்கிராமங்களில் அந்த இடியோசை வீட்டுக்கு வீடு கேட்கும் என்பர். இன்று அவ்வேலையை மின்பொறி செய்கின்றது. இடித்த மாவைக் கையிலெடுத்து, நடுவிரலாற் குழித்து, உள்ளே வதக்கிய இறைச்சியும் பைன் மரக்கொட்டையும் வைத்து, இருமுனையும் கூர்மையாக மூடி எண்ணெயிற் பொரிப்பர். சுவர் மெல்லியதாக இருத்தல் வேண்டும், வெடித்தலும் ஆகாது. மருமகளின் கைத்திறனை மாமியார் இதனைக் கொண்டே அளப்பாராம். கறுவாவும் இதிற் சேர்வதுண்டு.

மரக்கறி உண்போர் இங்கே பட்டினி கிடக்க வேண்டியதில்லை. லெபனானியக் கிறிஸ்தவர் தவக்காலத்தில் இறைச்சியை விலக்குவதால், எண்ணெயில் மட்டும் சமைக்கும் உணவு வகை ஒன்று அங்கே செழித்துள்ளது. பூசணிக்காய்க் கிப்பேயும் அவற்றுள் ஒன்று. மஸ்ஸாவோடு அரக் என்னும் மதுவைப் பருகுவோரும் உளர். திராட்சையிலிருந்து வடித்துச் சோம்பு வாசனை ஊட்டிய அது, நீர் விட்டவுடன் பால்போல் வெளுக்கும். வியர்வை என்று பொருள்படும் இவ்வரபுச் சொல்தான் கடல் கடந்து வந்து நம் தென்னஞ்சாராயத்துக்கும் ‘அரக்கு’ என்ற பெயரைத் தந்தது. சொல் வந்ததைக் குறித்து மகிழலாம். மற்றதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடலாம்.

எல்லாவற்றினும் பொறுமை வேண்டுவது திராட்சையிலைச் சுருள். யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்னும் கொடியின் இளந்தளிரை உப்புநீரில் இட்டு வைத்து, வேண்டும்போது எடுத்து, உள்ளே அரிசியும் இறைச்சியும் வைத்துச் சுண்டுவிரல் பருமனிற் சுற்றுவர். தட்டில் இருபது சுருள் வரும். அவை மறையச் சில நிமிடங்கள் போதும். ஒரு குடும்பத்துக்குப் போதுமானவற்றைச் சுற்றி முடிக்க ஒரு முற்பகல் வேண்டும். சமைத்தவளுக்கு நன்றி கூற விழைவோர் ‘யிஸ்லமூ’ என்பர். ‘உன் கைகள் நலமாயிருக்க’ என்று வாழ்த்தும் தொடரின் சுருக்கம் அது.

அந்தக் கைகள் எவருடையவை என்பதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1980களிலிருந்து இலங்கைப் பெண்கள் பல்லாயிரவர், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக, லெபனானின் இல்லங்களுக்குப் பணிசெய்யச் சென்றனர். அவ்வீடுகளில் இலை சுற்றவும், தழை அரியவும், கிப்பேக்குச் சுவர் எடுக்கவும் பழகியவர்கள் அவர்கள். அவர்களின் தொகை பெருகப் பெருக, ‘ஸிரிலங்கிய்யே’ என்னும் சொல் லெபனானியப் பேச்சில் வீட்டுப் பணிப்பெண் என்றே பொருள்படலாயிற்று. வேறு நாட்டுப் பெண்ணையும் அச்சொல்லால் அழைத்தனர். ஒரு நாட்டின் பெயர் ஒரு தொழிலின் பெயராய்ச் சுருங்கியது. 1946ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் வீட்டுப் பணியாளரைத் தன் காப்புக்கு வெளியே நிறுத்தியது. வதிவுரிமையை எசமானரோடு பிணைக்கும் ‘கபாலா’ முறையும் அதனோடு சேர, கடவுச்சீட்டையும் சம்பளத்தையும் இழந்து நின்றோர் பலர். புதியவனை உறவினன் என்று விளிக்கும் அதே மொழியில் இதுவும் நிகழ்ந்தது என்பதை, அவ்வுணவைப் புகழும்போது மறைத்தல் நேர்மையாகாது.

லெபனானியரும் புலம்பெயர்ந்து பிறர் வாயிலில் நின்றவர்களே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலைவாழ் மக்கள் அமெரிக்கக் கண்டங்களை நோக்கிக் கப்பலேறினர். முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1915 முதல் 1918 வரை, வெட்டுக்கிளியும் கடல் முற்றுகையும் ஆட்சியாளரின் கொடுமையும் ஒன்றுகூட, லெபனான் மலையில் மூன்றில் ஒரு பங்கினர் அளவில் பசியால் மாண்டனர் என்பர். 1975 தொடங்கி 1990 வரை நீடித்த உள்நாட்டுப் போர் மற்றோர் அலையை வெளியேற்றியது. கைத்தொழில் அறியாது அயல்நாடு சேர்ந்த குடும்பத்துக்குத் தாயின் சமையலே முதலாயிற்று. சிறு அறையொன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டில் உண்டதையே விற்றனர். இவ்வுணவகங்களிற் பலவற்றின் பிறப்பு அதுதான். வீட்டுப் பந்தியின் சாயல் அவற்றை விட்டு நீங்காமைக்குக் காரணமும் அதுவே. பிரேசில் நாட்டில் இன்று தெருக்கடைதோறும் கிப்பே விற்கப்படுகின்றது. தின்போர் பலர் அதனைத் தம் நாட்டுப் பண்டமென்றே எண்ணுவர்.

தாய்நாட்டில் இருந்த சிற்றுணவகங்களை அண்மைக் காலம் கடுமையாகச் சோதித்தது. 1997 முதல் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 1,507 லிரா என்று நிலைத்திருந்த நாணயம் 2019ஆம் ஆண்டின் இறுதியிற் சரியத் தொடங்கியது. 2023இல் ஒரு டொலருக்கு 90,000 லிரா அளவும் கொடுக்க வேண்டியதாயிற்று. காலையில் எழுதிய விலைப்பட்டியல் மாலையிற் பொய்யானது. வங்கியில் இட்ட சேமிப்பை எடுக்க இயலவில்லை. 2020ஆம் ஆண்டு ஓகஸ்ற் 4ஆம் தேதி பெய்ரூத் துறைமுகத்தில் நேர்ந்த வெடிவிபத்து இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்று, அயலிலிருந்த தெருக்களின் உணவகங்களை இடிபாடாக்கியது. நாட்டின் தலையாய தானியக் களஞ்சியமும் அங்கேயே சிதைந்தது. லெபனான் தான் உண்ணும் கோதுமையின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குவது. அதிலும் மிகுதி உக்ரேனிலிருந்து வந்தது. 2022இல் அங்கும் போர் மூண்டபோது பெய்ரூத்தின் வெதுப்பகங்களின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. அரிசிக்கும் எரிபொருளுக்கும் அதே ஆண்டில் வரிசையில் நின்ற இலங்கையர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அக்காலத்திலும் திறந்திருந்த சிறு உணவகங்களில் தட்டுக்களின் தொகை குறைந்தது, இறைச்சி அருகியது, மின்வெட்டில் விளக்கு அணைந்தது. கடலையும் தழையும் தயிரும் நின்றன. வறுமையிற் பிறந்த உணவுகள் வறுமைக்கு ஈடுகொடுத்தன என்றே கூற வேண்டும்.

உணவு முடிந்தபின் இனிப்பும், ஒரு பெரிய தட்டில் பழமும் வரும். பழத்துக்கு விலை கேளாத உணவகங்கள் பல. பின்பு ஏலக்காய் மணக்கும் கோப்பி, சிறு கோப்பையில். கோப்பி வேண்டாதார்க்கு ‘வெள்ளைக் கோப்பி’ உண்டு. அதிற் கோப்பியே இல்லை, தோடம்பூ வடிநீர் கலந்த வெந்நீர்தான். கணக்குச் சீட்டு வந்ததும் மேசையில் ஒரு சிறு போர் மூளும். ஒவ்வொருவரும் தாமே கொடுப்பதாகப் பற்றிக்கொள்வர். ஒருவர் முன்னரே எழுந்து சென்று இரகசியமாகச் செலுத்திவிட்டிருப்பதும் உண்டு. தனித்தனியே பங்கிட்டுக் கொடுப்பதை அவர்கள் விரும்புவதில்லை.

கோப்பையைக் கீழே வைப்பவர் ‘தாயிமே’ என்பார். இப்பந்தி என்றும் நிலைக்க என்பது கருத்து. ‘ஸஹ்தேன்’ என்று வீட்டார் விடை கூறுவர். இருமடங்கு ஆரோக்கியம் என்பது அதன் பொருள். இவ்வளவில் அடுக்களைக் கதவு திறந்து, கை துடைத்த துணியுடன் தாயும் வெளியே வந்து நிற்பாள். எந்தத் தட்டு மீதமாய் இருக்கிறது என்பதையே அவள் கண் முதலில் நோக்கும்.