வெள்ள நேரத்தில் ஒரே பட்டியல், நூறு கைகள்: தகவல் குழம்பாமல் போய்ச் சேருவது எப்படி?

2021 டிசம்பர் 18ஆம் தேதி. முதல் நாள் தொடங்கிய மழை ஓயாமல் பெய்ததில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பு நீரில் மூழ்கியது. கிள்ளான் வட்டாரத்திலும் பல வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மாடியிலும் கூரையிலும் தஞ்சமடைந்தவர்கள் கைப்பேசியை நம்பியே உதவி கேட்டார்கள். வீட்டு எண், சாலைப் பெயர், எத்தனை பேர், குழந்தை உண்டா, நோயாளி உண்டா என்ற விவரங்கள் புலனக் குழுக்களிலும் முகநூலிலும் டுவிட்டரிலும் குவிந்தன. அந்தப் பருவத்து வெள்ளத்தால் நாடு முழுவதும் ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று மலேசியப் புள்ளிவிவரத் துறை பின்னர் கணக்கிட்டது.

இத்தகைய நேரத்தில் படகு எவ்வளவு முக்கியமோ, சரியான பட்டியலும் அவ்வளவு முக்கியம். மாலை 6 மணிக்கு மீட்கப்பட்ட குடும்பத்தின் உதவிச் செய்தி இரவு 10 மணிக்கும் குழு விட்டுக் குழு சுற்றினால், படகு ஆளில்லாத வீட்டைத் தேடிப் போகும். ஆள் இருக்கும் வீடு காத்துக் கிடக்கும்.

பல ஊர்களில் இருப்பவர்கள் ஒரே பட்டியலில் ஒரே நேரத்தில் வேலை செய்ய இன்று வழி இருக்கிறது. அதன் பின்னணியில் இயங்குவது ‘செய்தி இடைநிலை மென்பொருள்’. பயன்படுத்துகிறவர் கண்ணில் அது படுவதே இல்லை. அது எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டால் அடுத்த மழைக்காலத்தில் நம் குடியிருப்புச் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் வீண் அலைச்சலைத் தவிர்க்கலாம்.

பகிர்ந்தது நகல், பட்டியல்தான் அசல்

புலனத்தில் ஒருவர் ஒரு செய்தியைப் பகிரும்போது புதிய நகல் ஒன்று பிறக்கிறது. பத்துக் குழுக்களுக்குப் போனால் பத்து நகல். அனுப்பிய செய்தியை 15 நிமிடங்களுக்குள் திருத்தும் வசதியைப் புலனம் 2023இல் கொண்டுவந்தது. ஆனால், முதல் செய்தியைத் திருத்தினாலும் மற்றவர்கள் ஏற்கெனவே பகிர்ந்துவிட்ட நகல்கள் மாறுவதில்லை.

கூகுள் தாள் போன்ற பொதுப் பட்டியல் வேறு வகை. அங்கே எல்லாரும் பார்ப்பது ஒரே பட்டியலை. பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் ‘மீட்கப்பட்டனர்’ என்று எழுதினால் அடுத்த விநாடியே கிள்ளானில் இருப்பவரின் திரையிலும் அது தெரியும். அந்த ஒரு விநாடிக்குள் நடக்கும் வேலைதான் இடைநிலை மென்பொருளின் வேலை.

தோட்ட ஆபீசும் தபால் பையும்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அந்தக் காலத்தில் கடிதம் லயத்து வாசலுக்கு நேரே வராது. தோட்ட ஆபீசுக்கு வரும். கிராணி அதைப் பெயர் வாரியாகப் பிரித்து வைப்பார். ஆள் காட்டில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தாலும் கடிதம் ஆபீசில் பத்திரமாக இருக்கும். வேலை முடிந்து வந்து வாங்கிக்கொள்ளலாம். ஊரிலிருந்து எழுதியவருக்கு எந்த லயம், எத்தனையாவது வீடு என்பது தெரிய வேண்டியதில்லை. தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும் போதும்.

இடைநிலை மென்பொருளும் இப்படித்தான் இயங்குகிறது. அனுப்புகிறவரின் கைப்பேசி, பெறுகிறவரின் கைப்பேசியை நேரடியாகத் தொடுவதில்லை. நடுவில் இருக்கும் சர்வர் செய்தியை வாங்கி, வரிசையில் வைத்து, உரியவர் இணையத்துக்கு வந்ததும் ஒப்படைக்கிறது. பெறுகிறவரின் கைப்பேசி அணைந்திருந்தால், புலனம் அந்தச் செய்தியை 30 நாள்கள் வரை தன் சர்வரில் காத்துவைக்கிறது. அதற்குள் அவர் வராவிட்டால் செய்தி அழிக்கப்படும்.

காலைப் பெரட்டையும் நினைத்துப் பார்க்கலாம். மருந்து அடிக்கிறவர்களுக்கு ஒரு அறிவிப்பு, பால் வெட்டுகிறவர்களுக்கு வேறு அறிவிப்பு. அவரவருக்கு உரியதை அவரவர் கேட்டுக்கொள்வார்கள். கணினியிலும் இந்த முறை உண்டு. ஒருவர் ஒரு தலைப்பின் கீழ் வெளியிடுவார். அந்தத் தலைப்புக்குச் சந்தா செய்த எல்லாருக்கும் தகவல் போய்ச் சேரும். மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே 1980களில் அமெரிக்கப் பங்குச் சந்தை நிறுவனங்களுக்கு இந்த முறையில் மென்பொருள் செய்து கொடுத்தார். ‘தி இன்ஃபர்மேஷன் பஸ்’ என்ற அதன் பெயரின் சுருக்கம்தான் பின்னாளில் ‘டிப்கோ’ என்ற நிறுவனப் பெயரானது.

புலனத்தின் வேரும் பழையது. அதன் சர்வர்கள் எர்லாங் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டவை. தொலைபேசி இணைப்பகங்களுக்காக சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1986இல் உருவாகத் தொடங்கிய மொழி அது. ஒரு அழைப்பு பழுதானாலும் மற்ற அழைப்புகள் அறுந்துவிடக் கூடாது என்பதே அதன் அடிப்படை நோக்கம்.

ஒரு டிக், இரண்டு டிக்

புலனத்தில் ஒரு சாம்பல் நிற டிக் என்றால் செய்தி சர்வர் வரை போய்விட்டது என்று பொருள். கடிதம் தோட்ட ஆபீசில் இருக்கிறது. இரண்டு டிக் என்றால் உரியவரின் கைப்பேசிக்குப் போய்விட்டது. நீல நிறமானால் படித்துவிட்டார். குழுவில் இரண்டாவது டிக் விழ வேண்டுமானால் குழுவில் உள்ள எல்லாருடைய கைப்பேசிக்கும் செய்தி போயிருக்க வேண்டும். ஆகவே ஒரு டிக்கைப் பார்த்துவிட்டு “சொல்லியாயிற்று” என்று இருந்துவிடக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட செய்தியென்றால் நேரில் அழைத்துப் பேசுவதே சரி.

ஒப்படைப்பதிலும் மூன்று வகை வாக்குறுதிகள் உண்டு. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழி கண்காணிக்க 1999இல் உருவான ‘எம்க்யூடிடி’ என்ற நெறிமுறை அவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. முதலாவது, அதிகபட்சம் ஒரு முறை: செய்தி தொலைந்து போகலாம், ஆனால் இரட்டிக்காது. இரண்டாவது, குறைந்தபட்சம் ஒரு முறை: தொலையாது, ஆனால் இரண்டு முறை வரலாம். மூன்றாவது, சரியாக ஒரே முறை: இதற்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும், நேரமும் பிடிக்கும்.

இது கணினிக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. நிவாரண மையத்திலிருந்து “இன்னும் 20 மூட்டை அரிசி வேண்டும்” என்ற செய்தி இரண்டு முறை வந்தால் 40 மூட்டை போய் இறங்கும். “மொத்தத் தேவை 20 மூட்டை, கையில் இருப்பது 5” என்று எழுதினால் பத்து முறை வந்தாலும் கணக்கு மாறாது. கணினி வல்லுநர்கள் கையாளும் இந்த உத்தியை அன்னதானக் குழுவும் கையாளலாம்.

இருவர் ஒரே நேரத்தில் கை வைத்தால்

பொதுப் பட்டியலில் பெரிய தலைவலி வரிசைதான். கிள்ளானில் ஒருவரும் பிரிக்பீல்ட்ஸில் ஒருவரும் ஒரே விநாடியில் திருத்தினால் யாருடையது முந்தியது? இரண்டு கைப்பேசிகளின் கடிகாரங்களும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. கடிகாரத்தை நம்பாமல், எந்த நிகழ்வுக்கு முன் எது நடந்தது என்ற தொடர்பை வைத்தே வரிசையை அமைக்கலாம் என்று அமெரிக்கக் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதினார். இன்று பல அமைப்புகளில் நடுவிலுள்ள சர்வரே வந்த வரிசைப்படி எண் கொடுக்கிறது, கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது போல.

எண் மட்டும் போதாது. தேவைப் பட்டியலில் “அரிசி, பருப்பு, பால்மாவு” என்று மூன்று சொற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிள்ளானில் இருப்பவர் தொடக்கத்தில் “பாய்” என்று சேர்க்கிறார். அதே நேரம், பால்மாவு கிடைத்துவிட்டதால் பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர் மூன்றாவது சொல்லை நீக்குகிறார். “மூன்றாவதை நீக்கு” என்ற கட்டளை கிள்ளானுக்குப் போய்ச் சேரும்போது அங்கே மூன்றாவதாக இருப்பது பருப்பு! அப்படியே நிறைவேற்றினால் பருப்பு பட்டியலை விட்டுப் போய்விடும். வந்துவிட்ட பால்மாவு மறுபடியும் வாங்கப்படும்.

இதற்கு 1989இல் தீர்வு சொன்னவர்கள் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள். எல்லிஸ், அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். முன்னால் ஒரு சொல் சேர்ந்துவிட்டது என்பதைக் கணக்கில் எடுத்து, “மூன்றாவதை நீக்கு” என்ற கட்டளையை “நான்காவதை நீக்கு” என்று மாற்றிக் கொடுப்பதே அவர்கள் காட்டிய வழி. கூகுள் ஆவணம் இந்த வழியைப் பின்பற்றுகிறது.

கணினி உண்மையில் எண்ணுவது சொற்களை அல்ல, குறியீடுகளை. ‘அரிசி’ நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து: அ, ர, இகரக் குறி, ச, மறுபடியும் இகரக் குறி. இந்தக் கணக்கில் பிசகும் மென்பொருளில் எழுத்து ஓரிடத்திலும் அதன் கொம்பும் காலும் வேறிடத்திலும் போய் நிற்கும். தமிழில் பட்டியல் போட விரும்புகிறவர்கள் அந்த மென்பொருளை முன்கூட்டியே சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

சென்னை காட்டிய வழி

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டு சென்னை மூழ்கியபோது தன்னார்வலர்கள் இதைச் செய்து காட்டினார்கள். யார் வீட்டில் தங்க இடம் இருக்கிறது, எங்கே உணவு கிடைக்கும், யாருக்கு உதவி தேவை என்ற விவரங்களைக் கூகுள் தாளில் திரட்டத் தொடங்கினார்கள். பலர் ஒரே நேரத்தில் எழுதியும் திருத்தியும் வளர்த்த அந்தத் திரட்டு ‘சென்னைரெயின்ஸ்’ என்ற இணையத்தளமானது.

அந்த முயற்சியில் மென்பொருள் செய்தது பாதி வேலைதான். ஒவ்வொரு எண்ணையும் அழைத்து, “இன்னும் இடம் இருக்கிறதா? இன்னும் உதவி வேண்டுமா?” என்று கேட்டுச் சரிபார்த்தவர்கள் மனிதர்கள். செய்தியை வரிசை மாறாமல் கொண்டு சேர்க்க மென்பொருளால் முடியும். அது உண்மையா, பழையதா என்று அதற்குத் தெரியாது.

நடுவம் விழுந்தால்

எல்லாச் செய்தியும் ஒரு நடுவத்தின் வழியே போகும்போது ஆபத்தும் அங்கேதான். 2021 அக்டோபர் 4, மலேசிய நேரப்படி இரவு 11.40 மணி வாக்கில் முகநூல், இன்ஸ்டாகிராம், புலனம் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றன. பராமரிப்புப் பணியின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்துவிட்டது. மீள்வதற்குச் சுமார் 6 மணி நேரம் ஆனது. இது நடந்த 75ஆம் நாளில் ஸ்ரீ மூடா வெள்ளம். அந்த முடக்கம் வெள்ள இரவில் நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சர்வர் நன்றாக இருந்தாலும், மின்சாரம் நின்று கைப்பேசிக் கோபுரம் செயலிழந்தால் கதை அதேதான். எனவே கோப்பை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்கூட்டியே அமைத்து வைப்பது உதவும். தொடர்பு திரும்பியதும் இடையில் செய்த திருத்தங்கள் பொதுப் பட்டியலோடு சேர்ந்துகொள்ளும்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

குடியிருப்புச் சங்கம், கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் என எந்த அமைப்பானாலும் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை:

• வட்டாரத்துக்கு ஒரே பட்டியல் போதும். புலனத்தில் விவரத்தை நகலெடுத்துப் பகிராமல் பட்டியலின் இணைப்பை மட்டும் பகிரவும்.

• திருத்தும் உரிமையைப் பொறுப்பாளர்கள் நாலைந்து பேருக்கு மட்டும் கொடுக்கவும். மற்றவர்களுக்குப் பார்வை உரிமை போதும்.

• ஒவ்வொரு வரியிலும் இடம், ஆள் எண்ணிக்கை, தேவை, பதிந்த நேரம், சரிபார்த்தவர், நிலை ஆகிய ஆறும் இருக்கட்டும்.

• உதவி கிடைத்தவர்களின் வரியை அழிக்க வேண்டாம். நிலையை மட்டும் மாற்றவும். அழித்தால் அதே வீடு இன்னொருவர் கையால் மறுபடியும் பட்டியலில் ஏறும்.

• அடையாள அட்டை எண், வங்கி விவரம் போன்றவற்றைப் பொதுப் பட்டியலில் போடக் கூடாது.

• தனியே வாழும் முதியவர்கள், நோயாளிகள் உள்ள வீடுகளின் விவரத்தைத் தாளிலும் அச்சிட்டு வைத்துக்கொள்ளவும். இணையம் போனாலும் தாள் இருக்கும்.

• உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 999ஐ அழைக்கவும். பட்டியலில் எழுதுவது அதற்குப் பிறகு.

இவற்றோடு, பட்டியலுக்குப் பொறுப்பேற்க இருவரை இப்போதே நியமித்துவிட வேண்டும். ஒருவர் படகோடு போனாலும் மற்றவர் தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டையும் அழைத்துக் கேட்க வேண்டும். அந்த வேலையை எந்த மென்பொருளும் செய்து தராது.