நிலவறைப் பெட்டியை நிறுத்தாதீர்கள்

கனடாவில் புதிதாகக் கட்டிய வீடுகளின் நிலவறையில், ஃபர்னஸுக்குப் பக்கத்தில், தடித்த குழாய்கள் பொருத்திய பெட்டி ஒன்று தொங்கும். எச்ஆர்வி என்பார்கள். டொரொன்டோப் பக்கம் நம்மவர்கள் சிலர் இரைச்சல் என்றும் மின்கட்டணம் ஏறும் என்றும் குளிர்காலத்தில் அதை நிறுத்திவிடுகிறார்கள். அது மிகவும் தேவைப்படும் காலமே அதுதான்.

அதன் வேலை

குளிர் புகாதபடி இறுக்கிக் கட்டிய வீட்டில் கெட்ட காற்று வெளியேறவும் வழியில்லை. குளியலறை ஈரக்காற்றை வெளியே தள்ளி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது இந்தப் பெட்டி. இரண்டும் கலப்பதில்லை. மெல்லிய தகடுகளின் இருபுறமும் ஓடும்போது போகிற காற்றின் சூடு வருகிற காற்றில் ஏறிவிடுகிறது. சூட்டில் பாதிக்கு மேல் மிச்சம்.

சன்னலைப் பாருங்கள்

சன்னல் கண்ணாடியின் அடியில் நீர் வழிந்தால் வீட்டில் ஈரம் மிகுதி. அங்கேதான் பூஞ்சணம் பிடிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது நஞ்சு. மலிவான ஈரமானி ஒன்று வாங்கி மாட்டுங்கள். கடுங்குளிரில் 30 சதவீதத்தையொட்டி இருந்தால் நல்லது, 50ஐத் தாண்டவே கூடாது. மாறாக, உதடு வெடிக்கும் அளவுக்கு வறண்டால் எச்ஆர்வியை மணிக்கு 20 நிமிடம் மட்டும் ஓடும்படி வையுங்கள். குளித்ததும் வேகப் பொத்தானை அழுத்தலாம். ஜூலைப் புழுக்கத்தில் வேகத்தைக் குறைப்பதே சரி, இல்லையென்றால் வெளி ஈரம் உள்ளே வரும்.

தாளிப்புப் புகைக்கு இந்தப் பெட்டி ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கு வடிகட்டியை அடைத்துவிடும். அடுப்புக்கு மேலே, வெளியே தள்ளும் தனி விசிறி வேண்டும்.

கழுவ மறந்தால்

மின்இணைப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். நடுப்பகுதியைக் கழுவுமுன் கையேட்டைப் பாருங்கள். சில வகை தண்ணீர் பட்டால் பாழ். வெளிச்சுவர் வாய்களைப் பனியும் சருகும் மூடாமல் பார்க்க வேண்டும். காற்றை உள்ளிழுக்கும் வாய்க்கு அருகே காரை ஓடவிட்டுச் சூடேற்றுவது ஆபத்து, கார்பன் மோனாக்சைடு நேரே படுக்கையறைக்கு வரும்.

ரேடான்

நிலத்திலிருந்து கசியும் இந்த வாயு நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. எச்ஆர்வி ஓடுகிறதே என்று இதை விட்டுவிட முடியாது. கனடா வகுத்த வரம்பு கனமீட்டருக்கு 200 பெக்கரல். சோதனைக் கருவியைக் குறைந்தது மூன்று மாதம் வைக்க வேண்டும். நிலவறையில் ஆட்கள் குடியிருந்தால் இந்தக் குளிர்காலமே வைத்துவிடுங்கள்.