மருந்துக்குத் துணையாக மூச்சு

"கீமோ முடிஞ்சாச்சு, இனி யோகா மட்டும் போதுமா?" என்று பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் பலர் என்னிடம் கேட்பதுண்டு. போதாது, ஆனால் நல்ல துணை என்பதே என் பதில்.

இதற்கான ஆதாரம் நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜிகணி அருகே இயங்கும் சுவாமி விவேகானந்த யோக அனுசந்தான சம்ஸ்தானத்தார், கீமோ எடுத்துக்கொண்ட மார்பகப் புற்றுநோயாளிகள் 62 பேரை ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டனர். யோகா செய்த 28 பேருக்குக் குமட்டல் மற்றவர்களைவிடக் குறைவு. பின்னர் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தோடு சேர்ந்து செய்த ஆய்வு 2014இல் வெளியானது. கதிர்வீச்சு நடந்த 6 வாரமும், வாரத்துக்கு 3 முறை வரை யோகா செய்த பெண்களின் உடல் இயக்கம், வெறும் தசை நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடத் தேறியது. அசதி என்னவோ இரு பிரிவினருக்குமே குறைந்தது.

காரணம் எளிது. மெதுவான மூச்சு படபடப்பைத் தணிக்கிறது, தூக்கத்துக்கும் உதவுகிறது. மென்மையான அசைவு, அறுவைக்குப் பின் இறுகிப்போன தோளைத் தளர்த்துகிறது.

ஆனால் அவசரம் கூடாதுங்க. புண் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகே தொடங்க வேண்டும். எலும்புக்கு நோய் பரவியவர்கள் முதுகை வளைப்பது, முறுக்குவது ஆபத்து. கை வீங்கினால் உடனே காட்டுங்கள். முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி மூச்சுப் பயிற்சி, பிறகு சவாசனம் என்று போனால் போதும்.

முக்கியமாக ஒன்று: உடம்பு இலேசாகிவிட்டதென்று மாத்திரையையும் மறுபரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள். மருந்து நோயைப் பார்த்துக்கொள்ளும். யோகா நோயாளியைத் தேற்றும்.